கழுத்தில் கயிறு, பெயரில் அடமானம்

மரக்கிளையில் கட்டிய கயிறு ஒருவரின் கழுத்தை இறுக்கியிருக்கிறது. கால்விரல் நுனிகள் மட்டும் சேற்றில் வழுக்கி வழுக்கித் தரையைத் தேடுகின்றன. அது தவறினால் உயிர் போய்விடும். அவருக்குப் பின்னால் குடிசைக் கதவுகள் திறக்கின்றன, ஆட்கள் வெளியே வந்து அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஒரு பெண் மட்டும் பயந்து பயந்து வந்து தண்ணீர் புகட்டிவிட்டு விலகுகிறாள். ஸ்டீவ் மெக்வீன் இயக்கி 2013இல் வெளிவந்த ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ படத்தின் காட்சி இது. அடிமைமுறையைப் பற்றி அமெரிக்கக் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒருவர் வகுப்பில் காட்டுவதற்கு இதைவிடக் கனமான காட்சி சினிமாவில் அதிகம் இல்லை. பார்த்து முடித்தபின் மாணவர்கள் வாயடைத்துப் போவார்கள். பாடம் உள்ளே இறங்கிவிட்டது என்று ஆசிரியர் நம்பிவிடும் இடமும் அதுதான். உண்மையில் பாடம் இன்னும் தொடங்கியிருக்காது.

கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பவர்களின் காதில் விழாமல் போகக்கூடிய ஒரு விவரம் அந்தக் காட்சிக்குச் சற்று முன்னால் வருகிறது. கயிற்றில் தொங்கும் அந்த மனிதர் சாலமன் நார்த்தப். அவரைக் கொல்ல வந்த தச்சன் டிபீட்ஸையும் அவனுடைய ஆட்களையும் பண்ணையின் மேற்பார்வையாளர் துப்பாக்கியைக் காட்டித் துரத்துகிறார். நார்த்தப் 1853இல் எழுதிய நூலின்படி, மேற்பார்வையாளர் முதலில் நியாயத்தைப் பேசுகிறார். அடுத்துச் சொல்வது கணக்கு: இந்த ஆளின் மேல் ஃபோர்டுக்கு 400 டாலர் அடமானம் இருக்கிறது, தூக்கில் போட்டால் ஃபோர்டின் பணம் போய்விடும். ஃபோர்டு பக்திமான், பிரசங்கம் செய்பவர், நார்த்தப்பே நன்றியோடு நினைவுகூர்கிற எஜமான். சகோதரனுக்காகப் பிணை நின்று கடனில் சிக்கினார். தச்சனுக்கும் பாக்கி இருந்தது. அதை அடைக்க நார்த்தப்பை அவனுக்கே விற்றார். விலை பாக்கியைவிட அதிகம் என்பதால், மீதிக்கு நார்த்தப்பையே ஈடாக எழுதி வாங்கிக்கொண்டார். அந்த வில்லங்கம் இல்லாதிருந்தால் அன்றைக்கு நார்த்தப் செத்திருக்கக்கூடும்.

கொடுமைக்கார எஜமானையும் நல்ல எஜமானையும் பார்த்துப் பழகிய மாணவருக்கு, இந்த அடமானம் மூன்றாவதாக ஒன்றைக் காட்டுகிறது. ஃபோர்டின் நல்ல மனத்துக்கும் நார்த்தப்பின் கழுத்துக் கயிற்றுக்கும் நடுவே ஒரு கடன் பத்திரம் இருக்கிறது. இப்படி மனிதர்களை ஈடாக வைத்துப் பணம் புரட்டுவது தென்மாநிலங்களில் அன்றாட நடப்பு. தன் முன்னோடிகளான லூசியானாவின் இரண்டு வங்கிகள் 1831 முதல் 1865 வரை ஏறத்தாழ 13,000 அடிமைகளை ஈடாக ஏற்றன என்றும், கடன் திரும்பாதபோது அவர்களில் சுமார் 1,250 பேர் வங்கிகளுக்கே உடைமையாயினர் என்றும் ஜே.பி. மார்கன் சேஸ் 2005 ஜனவரியில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. சாட்டையைப் படமெடுக்கலாம். பத்திரத்தைப் படமெடுப்பது கஷ்டம். அந்தக் கஷ்டமான பாதியைச் செய்வதற்குத்தான் வகுப்பறை தேவைப்படுகிறது.

நூலையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். நூலில் நார்த்தப் நுனிக்காலில் தொங்கவில்லை. கைகால் கட்டப்பட்டு, கழுத்தில் கயிறோடு, கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்க நிற்கிறார். மேற்பார்வையாளர் ஏன் கட்டை அவிழ்க்கவில்லை என்பதை நார்த்தப் யோசித்துப் பார்க்கிறார். கயிறோடு நிற்பதை ஃபோர்டு நேரில் பார்க்கட்டும் என்று நினைத்திருக்கலாம். இன்னொருவன் உடைமையில் கை வைப்பது சட்டப்படி அத்துமீறல் ஆகிவிடும் என்று அஞ்சியிருக்கவும் கூடும். அந்தப் பகலின் பயங்கரத்தை மெக்வீன் கால்விரல்களுக்கு இறக்கினார். கலைஞராக அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் உடைமைச் சட்டம் பற்றிய அந்த ஒரு வாக்கியம் படத்தில் இல்லை. எது கூடியது, எது கழிந்தது, ஏன் என்று மாணவர்கள் எழுதிப் பார்க்கும்போதுதான் படம் சான்று என்ற நிலையிலிருந்து இறங்கி விசாரணைக்குரிய பொருளாகிறது.

இன்னொரு தாளும் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் சாரட்டோகாவில் மனைவி மக்களோடு வாழ்ந்த சுதந்திரமான மனிதர் நார்த்தப், வயலின் வாசிப்பவர். சர்க்கஸில் வாசிக்க வாய்ப்பு என்று ஆசை காட்டி 1841இல் இரண்டு பேர் அவரை வாஷிங்டனுக்கு அழைத்துப்போய் மயக்க மருந்து கொடுத்து விற்றார்கள். நாடாளுமன்றக் கட்டடம் கண்ணில் படும் தூரத்தில் இருந்த அடிமைக் கொட்டடியில்தான் அவர் விழித்தார். அவரை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுபோன ‘ஆர்லியன்ஸ்’ என்ற பாய்மரக் கப்பலின் சரக்குப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் அவர் பெயர் பிளாட் ஹாமில்டன். வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808 முதல் தடுத்த சட்டமே, உள்நாட்டுக் கரையோரமாக அவர்களை ஏற்றிச்செல்லும் கப்பல்கள் இப்படிப் பட்டியல் தர வேண்டும் என்றும் விதித்தது. பெயர், பால், வயது, உயரம், நிறம், அனுப்புபவர் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். கடல் கடந்த வியாபாரம் தடைப்பட்டபின் வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்களிலிருந்து பருத்தியும் கரும்பும் விளையும் தெற்குக்குச் சுமார் பத்து லட்சம் பேர் பெயர்க்கப்பட்டார்கள். பலர் சங்கிலியோடு நடந்தே போனார்கள். ‘அடிமைக் கப்பல்’ என்றவுடன் ஆப்பிரிக்கக் கடற்கரையை மட்டும் நினைக்கப் பழக்கிய படங்கள், ஒரே நாட்டுக்குள் நடந்த இந்த இரண்டாவது பெயர்ப்பை ஏறக்குறைய மறக்கடித்துவிட்டன.

வகுப்புக்கு வருகிற மாணவர் ஒன்றும் தெரியாதவராக வருவதில்லை. ஏற்கெனவே கற்பிக்கப்பட்டவராகவே வருகிறார். சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி இறுதியாண்டு மாணவர்களில் 8 விழுக்காட்டினரே உள்நாட்டுப் போரின் மையக் காரணம் அடிமைமுறை என்று சரியாகச் சொன்னார்கள். மற்றவர்களின் தலையில் வேறொன்று இருந்தது என்றுதான் இதற்குப் பொருள். அதை வைத்தவர்களில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. டி.டபிள்யூ. கிரிஃபித்தின் ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ 1915இல் வெள்ளை மாளிகையிலேயே திரையிடப்பட்டது. ஜனாதிபதி வுட்ரோ வில்சன் எழுதிய வரலாற்று நூலின் வரிகள் படத்தின் எழுத்து அட்டைகளில் இடம்பெற்றன. வரலாற்றாசிரியரும் படமெடுப்பவரும் ஒருவருக்கொருவர் சாட்சியானார்கள். அந்த ஆண்டு நவம்பரில், செத்துப்போயிருந்த கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனில் உயிர்ப்பிக்கப்பட்டது. ஒரு படம் மனிதர்களை என்ன செய்யும் என்ற கேள்விக்கு இதைவிடக் கசப்பான பதில் வேண்டியதில்லை.

‘கான் வித் த விண்ட்’ நாவல் 1936இல் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றன. அதே ஆண்டில்தான் அரசின் வேலைநிவாரணத் திட்டத்தின் கீழ், அடிமைகளாகப் பிறந்து இன்னும் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப்போய் அவர்கள் வாய்மொழியைப் பதிவுசெய்யும் பெரிய பணி தொடங்கியது. 1938 வரை 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் சேர்ந்தன. ஒருபக்கம் விசுவாசமான வேலைக்காரியும் வெள்ளைத் தூண் மாளிகையும் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. மறுபக்கம் அந்த மாளிகைகளின் பின்கட்டில் வேலை செய்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசியது கோப்புகளுக்குள் போனது. நாவல் 1939இல் படமாகி உலகம் முழுக்கப் போயிற்று. வாக்குமூலங்கள் பல பத்தாண்டுகள் ஆய்வாளர்களின் கைக்கே சரியாக எட்டவில்லை.

அந்த வாக்குமூலங்களையும் அப்படியே நம்பிவிட முடியாது என்பதில் இன்னொரு பாடம் இருக்கிறது. சவுத் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியே பேட்டி கண்டார்கள். வெள்ளையினப் பெண்ணிடம், அவரை நிவாரண அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று எண்ணி, தன் எஜமானைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார். கறுப்பினத்தைச் சேர்ந்தவரிடம் பேசியபோது சாட்டையடியும், குடும்பங்களைப் பிரித்து விற்றதும், தாய்மார் அழுததும் வந்தன. ஆள் ஒருவர்தான், வாழ்க்கையும் ஒன்றுதான். கேட்கிறவர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து நினைவு வேறு வேறு வாசலில் வெளியே வந்தது. இந்த இரண்டு பேட்டிகளையும் படித்த மாணவர் அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும், இது யார் கேட்டு யார் சொன்ன கதை என்று கேட்காமல் இருக்க மாட்டார்.

ஹாட்டி மெக்டேனியல் ‘கான் வித் த விண்ட்’ படத்தில் வேலைக்காரியாக நடித்து, ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவர் போகவில்லை; இனப் பாகுபாட்டுச் சட்டங்கள் நடப்பிலிருந்த ஊர் அது. 1940 பிப்ரவரியில் விருது வழங்கிய லாஸ் ஏஞ்சல்ஸ் ஓட்டலில் அவருக்குத் தனி மேசை போட்டிருந்தார்கள். 2020 ஜூனில் ஓர் இணையத் திரைத் தளம் இந்தப் படத்தை எடுத்துவிட்டு, சில வாரங்களில், சினிமாப் பேராசிரியர் ஜாக்குலின் ஸ்டூவர்ட்டின் அறிமுக உரையோடு மீண்டும் வைத்தது. திரும்ப வைத்ததை நான் வரவேற்கிறேன். படத்தை அகற்றினால் அந்தத் தனி மேசையும் கூடவே மறைந்துபோகும்.

இந்த நினைப்பைக் கடைசி எல்லை வரை கொண்டுபோன இடம் ஒன்று உண்டு. மிச்சிகனில், பிக் ராப்பிட்ஸ் ஊரில் உள்ள ஃபெரிஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜிம் குரோ அருங்காட்சியகம் அது. ஜிம் குரோ என்பது 1830 வாக்கில் ஒரு வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடிய கேலிப் பாத்திரத்தின் பெயர். பிற்பாடு தென்மாநிலங்களின் இனப் பாகுபாட்டுச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராயிற்று. சமூகவியல் பேராசிரியர் டேவிட் பில்கிரிம் சிறுவனாக அலபாமாவில் இருந்தபோது கறுப்பினத்தவரை இழிவுசெய்யும் ஒரு பொம்மைப் பொருளை வாங்கிக் கீழே போட்டு உடைத்தாராம். பிறகு உடைப்பதை விட்டுவிட்டுச் சேகரிக்க ஆரம்பித்தார். உப்புக் குடுவை, அஞ்சலட்டை, சோப்பு விளம்பரம், குழந்தைகளின் விளையாட்டுப் பலகை என்று ஆயிரக்கணக்கில் சேர்ந்ததைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். மாணவர்கள் அவற்றின் முன் நின்று பேசுகிறார்கள். இவையெல்லாம் வெறிபிடித்தவர்கள் பதுக்கி வைத்த பொருள்கள் அல்ல. சமையலறை அலமாரியில் இருந்தவை. காலைச் சிற்றுண்டி மாவுப் பெட்டியில் சிரித்த ‘ஆன்ட் ஜெமைமா’வையே எடுத்துக்கொள்ளலாம். 1893 சிகாகோ கண்காட்சியில் அந்தப் பாத்திரமாக நின்று அப்பம் சுட்டவர், கென்டக்கியில் அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன். அடிமைமுறை ஒழிந்து 28 ஆண்டுகள் கழித்து, அடிமைக் காலம் எவ்வளவு இனிமையானது என்று சொல்லவைக்க அடிமையாக இருந்தவரையே கூட்டிவந்தார்கள். அந்தப் பெயர் 2021 வரை கடைகளில் இருந்தது.

துன்பத்தைக் காட்டுவதிலேயே ஒரு வன்முறை இருக்கிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஸெய்தியா ஹார்ட்மன் 1997இல் வெளியிட்ட தன் ஆய்வு நூலைத் தொடங்கும்போது, ஃபிரெடரிக் டக்ளஸ் தன் சுயசரிதையில் எழுதிய, அத்தை ஹெஸ்டரை அடிக்கும் காட்சியைத் தான் மறுபடி எடுத்தெழுதப் போவதில்லை என்கிறார். கறுப்பு உடல் அடிபடுவதைத் திரும்பத் திரும்பக் காட்டினால் இரக்கம் வளரும் என்பது நம்பிக்கை. மரத்துப்போவதும், சில நேரம் வேடிக்கை பார்க்கும் சுகமும் வளரக்கூடும் என்பது அவர் கவலை. வகுப்பில் இது இன்னும் கூர்மையாகிறது. முப்பது வெள்ளை மாணவர்களுக்கு நடுவே ஒரே ஒரு கறுப்பின மாணவி உட்கார்ந்திருக்கும்போது சாட்டைக் காட்சியைப் போட்டால், விளக்கைப் போட்டதும் கண்கள் எங்கே திரும்பும் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அடிமை வியாபாரத்தைக் கற்பிக்கிறோம் என்று டென்மார்க்கில் உருவான ஒரு கணினி விளையாட்டில், கப்பலின் அடித்தளத்தில் மனித உருவங்களைக் கட்டைகள்போல அடுக்கும் பகுதி ஒன்று இருந்தது. கண்டனம் எழுந்து 2015இல் அதை நீக்கினார்கள். அடுக்குகிறவனின் இடத்தில் மாணவனை உட்காரவைத்து அடுக்கப்பட்டவனின் வலியைப் புரியவைக்க முடியாது.

‘ரூட்ஸ்’ தொடரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1977 ஜனவரியில் எட்டு இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பானது. கடைசி இரவில் சுமார் பத்து கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது மதிப்பீடு. கடத்தப்பட்டவனுக்கு ஊரும் பெயரும் தாய்தந்தையும் உண்டு என்பதை ஒரு தேசத்துக்கே அது கற்பித்தது. அலெக்ஸ் ஹேலியின் மூல நூலின் சில பகுதிகள் ஹெரால்ட் கூர்லாண்டரின் நாவலிலிருந்து வந்தவை என்ற வழக்கு 1978இல் சமரசத்தில் முடிந்தது. வம்சாவளி விவரங்களையும் ஆய்வாளர்கள் கேள்விக்குட்படுத்தினார்கள். இரண்டையும் மாணவர்களிடம் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. பதிவேடுகள் எஜமானர்களின் கையில் இருந்த சமூகத்தில், பாட்டன் பெயரைத் தேடிப்போகிறவர் எந்த இடத்தில் கற்பனைக்குள் காலெடுத்து வைக்க நேர்கிறது என்பதே தனியாகப் படிக்க வேண்டிய விஷயம்.

படங்கள் காட்டாத இன்னொன்று நம் கரையைத் தொடுகிறது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் மனிதர்களை வாங்க ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுபோன சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிக்கு முக்கிய இடம் இருந்தது. ‘கினி துணி’ என்றே அதற்கு வியாபாரப் பெயர். சோழமண்டலக் கரையில் நெய்து, அவுரிச் சாயம் ஏற்றி, புதுச்சேரி போன்ற துறைமுகங்களிலிருந்து அது கப்பலேறியது. நெய்தவருக்கு அது எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. திரையில் தெரியும் கொடுமைக்காரனை மட்டும் வெறுத்துவிட்டு எழுந்துபோக இந்தத் துணி நம்மையும் விடாது.

இன்றைய அமெரிக்காவில் இந்தப் பாடத்தை நடத்துவதே சுலபமில்லை. ஃபுளோரிடா 2022இல் இனம் பற்றிய பாடங்களுக்குக் கடிவாளம் போடும் சட்டம் கொண்டுவந்தது. கல்லூரிகளுக்கான பகுதியை அந்த நவம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தடுத்தார். அடுத்த ஆண்டு அதே மாநிலத்தின் பள்ளிப் பாடத்திட்டம், அடிமைகள் கற்ற தொழில்கள் சில சமயம் அவர்களுக்கே பயன்பட்டன என்று கற்பிக்கச் சொன்னது. 1893இல் அப்பம் சுட்டுக் காட்டிய அதே கதை.

இதற்கெல்லாம் பதில் சொல்லும் முறையை லூசியானாவின் ஒரு பெண் வாழ்ந்து காட்டினார். சூ ஈகின் சிறுமியாக இருந்தபோது, 1930களின் தொடக்கத்தில், ஒரு பண்ணை வீட்டு நூலகத்தில் நார்த்தப்பின் நூலைக் கண்டார். தனக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களும் குடும்பப் பெயர்களும் அதில் இருந்தன. பிறகு பேட்டன் ரூஜில் படிக்கும்போது ஒரு பழைய புத்தகக் கடையில் அதே நூல் கிடைத்தது. அதெல்லாம் கட்டுக்கதை என்று சொல்லிக் கடைக்காரர் 25 சென்ட்டுக்குக் கொடுத்தார். கட்டுக்கதையா இல்லையா என்று நிறுவ அவர் தன் வாழ்நாளைச் செலவிட்டார். கிரயப் பத்திரங்கள், நீதிமன்றப் பதிவுகள், ஆற்றோர நிலங்கள் என்று தேடி, ஜோசஃப் லாக்ஸ்டனோடு சேர்ந்து 1968இல் அடிக்குறிப்புகளோடு பதிப்பித்தார். நூல் உண்மை என்று நின்றது. ஆஸ்கர் மேடையில் மெக்வீன் அவருக்கு நன்றி சொன்னார். ஈகின் 2009இலேயே காலமாகியிருந்தார். படத்தைக் காட்டும் ஆசிரியர் இந்தப் பதிப்பின் அடிக்குறிப்புகளையும் காட்டினால், நம்புவதற்கும் நிரூபிப்பதற்கும் இடையே உள்ள உழைப்பு எவ்வளவு என்று மாணவர்களுக்குத் தெரியும்.

நார்த்தப்பின் நூலும் அந்தக் காலத்து வெகுசனப் பண்பாட்டின் பகுதிதான். ‘அங்கிள் டாம்’ஸ் கேபின்’ நாவல் கிளப்பிய அலையில் வந்து, அந்த நாவலாசிரியர் ஹாரியட் பீச்சர் ஸ்டோவுக்கே சமர்ப்பிக்கப்பட்டு, சுமார் 30,000 பிரதிகள் விற்றது. அதைப் படித்தவர்களில் ஒருவர் நியூயார்க்கைச் சேர்ந்த தாடியஸ் செயின்ட் ஜான். 1841இல் தனக்குத் தெரிந்த இரண்டு பேர் ஒரு கறுப்பினத்தவரோடு வாஷிங்டனுக்குப் போனது அவருக்கு நினைவுக்கு வந்தது. அவர் சொன்னதை வைத்து மெரில், ரசல் என்ற அந்த இருவரும் 1854இல் கைதானார்கள். வாசகர் ஒருவர் சாட்சியானார். ஆனால் குற்றம் நடந்தது நியூயார்க்கிலா வாஷிங்டனிலா என்ற வாதத்தில் வழக்கு இழுபட்டு 1857 மே மாதம் கைவிடப்பட்டது. அதற்கு முன்பே, நார்த்தப்பை வாங்கி விற்ற வியாபாரி வாஷிங்டன் நீதிமன்றத்தில் விடுதலையாகியிருந்தான்; கறுப்பினத்தவர் என்பதால் நார்த்தப்பின் சாட்சியம் அங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

படம் இதையெல்லாம் கடைசி எழுத்து அட்டைகளில் சில வரிகளில் சொல்லி முடிக்கிறது. பெரும்பாலும் அந்த நேரத்தில் மாணவர்கள் பையை எடுத்துக்கொண்டிருப்பார்கள். பருவத்தின் மிச்ச வாரங்களை அந்த வரிகளுக்குக் கொடுக்கலாம்: பாதிக்கப்பட்டவர் பேச முடியாத நீதிமன்றம் எந்தச் சட்டத்தால் அமைந்தது, ஒரு சுதந்திர மனிதரைக் கடத்திய குற்றம் ஏன் எந்த எல்லைக்குள்ளும் அடங்காமல் போனது, அந்த வழக்கு கைவிடப்பட்ட அதே 1857இல், மார்ச் மாதம், ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களே அல்லர் என்று எந்தக் காரணங்களைச் சொல்லித் தீர்ப்பளித்தது.